மதச்சார்பின்மை என்றால் மதமின்மையா?



சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்க நாங்கள் அமர்ந்திருந்தபோது, ஒரு தந்தை தம் மகளுடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மேசைமேல் வைத்தார். நல்ல மதிப்பெண். தொகையை அன்றே ஒதுக்கத் தயாராக இருந்தோம். ஆனால் அவர் கேட்க வந்தது வேறு.

"பணத்தைப் பத்தி இல்ல பாய். காலேஜ்ல முக்காட்டை எடுக்கச் சொல்லிட்டா என்ன பண்றது? அதுக்கு வீட்டுலயே இருக்கட்டும்னு அவ நன்னி சொல்றாங்க."

அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபடியே நின்றிருந்தாள்.

அவர்கள் போன பிறகு எங்கள் நிர்வாகக் குழுவிலேயே வாக்குவாதம் எழுந்தது. "மதச்சார்பின்மைங்கிற பேச்சே நம்ம மார்க்கத்தை ஒதுக்கி வைக்கத்தான்" என்றார் இளைய உறுப்பினர் ஒருவர். "அது இருக்கிறதாலதான் தம்பி, நாம இந்த நாட்டுல பாங்கு சொல்லித் தொழுதுக்கிட்டு இருக்கோம்" என்றார் மூத்தவர். இருவரும் மார்க்கப் பற்று உள்ளவர்கள்தாம். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் ஒருவர் ஒரு நாட்டின் மதச்சார்பின்மையை மனதில் வைத்துப் பேசினார். மற்றவர் வேறொரு நாட்டினுடையதை. அந்த வேறுபாட்டை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். தெளிவு இல்லாவிட்டால் முதலில் நஷ்டப்படுவது நம் பெண் பிள்ளைகளின் படிப்பு என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மூன்று கேள்விகள்

ஒரு நாடு தன்னை மதச்சார்பற்ற நாடு என்று சொல்லிக்கொண்டால், நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று, அரசு ஏதாவது ஒரு மதத்தைத் தன் மதமாக வைத்துக்கொண்டிருக்கிறதா? இரண்டு, மதக் காரியங்களை அரசு தானே நிர்வகிக்கிறதா, அல்லது அந்தந்தச் சமுதாயத்திடம் விட்டுவிடுகிறதா? மூன்று, ஒரு குடிமகன் தன் மார்க்க அடையாளத்தோடு பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வரலாமா?

முதல் கேள்விக்கு எல்லா மதச்சார்பற்ற நாடுகளும் ஒரே பதிலைத்தான் தருகின்றன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் அவை பிரிகின்றன. நமக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் அந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கின்றன.

பிரான்ஸ்: அரசுக்கு இட்ட விதி மாணவிக்கு இட்ட விதியானது

பிரான்சில் பல நூற்றாண்டுகள் கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னராட்சியும் கைகோத்து நின்றன. 1789 புரட்சிக்குப் பிறகு குடியரசை விரும்பியவர்களுக்கும் திருச்சபைக்கும் நூறாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. அதன் முடிவாக வந்ததுதான் 1905 டிசம்பர் 9 சட்டம். அதன் முதல் விதி மனசாட்சிச் சுதந்திரத்துக்கும் வழிபாட்டுச் சுதந்திரத்துக்கும் அரசு பொறுப்பேற்கும் என்கிறது. இரண்டாவது விதி, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதகுருவுக்கும் சம்பளம் தராது என்கிறது. அதாவது கட்டுப்பாடு அரசின் மேல், சுதந்திரம் மக்களுக்கு.

அந்தச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, பாதிரியார்கள் தெருவில் நீண்ட அங்கி அணிந்து நடப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை முன்னின்று நடத்திய அரிஸ்டீட் பிரியாண்ட் அதை ஏற்கவில்லை. சுதந்திரம் தருவதற்கென்று வந்த சட்டத்தை ஆடைக்குத் தடை போடப் பயன்படுத்தினால் மக்கள் சிரிப்பார்கள் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. பிரான்சில் இன்று நடக்கும் ஆடைச் சர்ச்சைகளைப் பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

சொல்லப்போனால் அங்கே பிரிவினை முழுமையானதும் அல்ல. 1905இல் ஜெர்மனி வசம் இருந்த அல்சாஸ், மோசெல் பகுதிகள் பின்னர் பிரான்சுக்குத் திரும்பின; அங்கே இன்றும் பாதிரியார்களுக்கும் யூத ரப்பிகளுக்கும் அரசே சம்பளம் தருகிறது. 1959 முதல் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அரசு ஊதியம் கிடைக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்த முஸ்லிம் சிப்பாய்களுக்கு நன்றியாகப் பாரிஸ் பெரிய பள்ளிவாசல் கட்டப்பட்டு 1926இல் திறக்கப்பட்டது. அதற்கும் அரசு பணம் கொடுத்தது.

மாற்றம் 1989இல் தொடங்கியது. பாரிசுக்கு வடக்கே கிரெய் என்ற ஊரில் முக்காடு அணிந்த மூன்று மாணவிகளைப் பள்ளி வெளியேற்றியது. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்திடம் அரசு கருத்துக் கேட்டது. அடையாளம் அணிவது மட்டுமே மதச்சார்பின்மைக்கு விரோதம் ஆகாது, பிறரை வற்புறுத்தினாலோ ஒழுங்கைக் கெடுத்தாலோதான் தடுக்கலாம் என்று பதில் வந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அரசியல் காற்று மாறியது. 2004 மார்ச் 15 சட்டம், அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளம் எதையும் அணியக்கூடாது என்றது. முக்காடு, யூதர் குல்லா, பெரிய சிலுவை எல்லாம் அதில் அடங்கும். சீக்கிய மாணவர்களும் தலைப்பாகையால் பள்ளியை இழந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் சில முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பெண்களைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்த்தன. மதத்தை விட்டு விலகி நிற்க வேண்டிய பள்ளி முக்காட்டைத் தடுத்தது. சிலுவை மாட்டிய பள்ளி அதை ஏற்றுக்கொண்டது.

2010இல் முகத்தை மூடும் உடைக்குப் பொது இடங்கள் அனைத்திலும் தடை வந்தது. 2023இல் அரசுப் பள்ளிகளில் அபாயா அணியவும் தடை வந்தது. இவற்றை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் நாம் நியாயமாகச் சொல்ல வேண்டும். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் தரும் நெருக்கடியிலிருந்து சிறுமிகளைக் காக்கவே இந்தச் சட்டம் என்பது அவர்கள் கருத்து. அப்படி நெருக்கடிக்கு ஆளான பிள்ளைகளும் உண்டு. ஆனால் அதற்கு மருந்தாக, விரும்பி அணியும் மாணவியையும் வெளியேற்றுவது சரியா என்ற கேள்விக்கு அங்கே இன்னும் ஒருமித்த பதில் இல்லை. 1905இல் அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, நூறாண்டு கழித்து மாணவிமேல் போடப்பட்ட கட்டுப்பாடாக மாறியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

துருக்கி: மதத்தை அரசே நடத்திய கதை

துருக்கி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடு. அங்கே மதச்சார்பின்மை வேறு வழியில் போனது. 1924 மார்ச் 3ஆம் தேதி கிலாஃபத் ஒழிக்கப்பட்டது, கல்வி முழுவதும் அரசின் கீழ் வந்தது, மதரஸாக்கள் மூடப்பட்டன. அதே நாளில் மத விவகாரங்களுக்கென ஓர் அரசுத் துறையும் தொடங்கப்பட்டது. பலர் கவனிக்காமல் விடும் செய்தி இதுதான். துருக்கியில் அரசு மதத்தை விட்டு விலகவில்லை. மதத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இமாம் அரசு ஊழியர். ஜும்ஆ குத்பா துறையிலிருந்து வரும். 1932 முதல் 1950 வரை பாங்குகூடத் துருக்கி மொழியில்தான் சொல்லப்பட்டது. 1950இல் ஆட்சி மாறிய சில வாரங்களிலேயே அரபியில் பாங்கு சொல்ல அனுமதி வந்தது.

முக்காட்டுத் தடை கடுமையானது 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு. 1997 பிப்ரவரியில் ராணுவம் அரசுக்கு நெருக்கடி தந்ததும் பல்கலைக்கழக வாசல்களிலேயே மாணவிகள் நிறுத்தப்பட்டார்கள். சிலர் முக்காட்டுக்கு மேல் பொய்முடி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். சிலர் படிப்பை விட்டார்கள். வசதி உள்ளவர்கள் வெளிநாடு போனார்கள். லைலா ஷாஹின் என்ற மருத்துவ மாணவி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுத அனுமதிக்கப்படாமல் வியன்னாவுக்குப் போய்ப் படித்தார். அவர் தொடுத்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2005இல் 16க்கு 1 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. எதிர்த்துத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி பெல்ஜியத்தைச் சேர்ந்த பெண்மணி, ஃபிரான்சுவாஸ் துல்கன்ஸ். ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு எதிராகப் பாதுகாக்கிறோம் என்று சொல்வது சமத்துவம் ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1999இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மர்வே கவாக்ச்சி முக்காட்டோடு வந்ததால் பதவிப் பிரமாணம் எடுக்கவே விடப்படவில்லை.

2010க்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் தடை தளர்ந்தது. 2013 அக்டோபரில் பெரும்பாலான அரசு அலுவலகங்களில் தடை நீங்கியது. அந்த மாதக் கடைசியில் நான்கு பெண் உறுப்பினர்கள் முக்காட்டுடன் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள். நமக்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மத விவகாரங்களுக்கான அரசுத் துறை இன்றும் இருக்கிறது. இமாமின் சம்பளமும் குத்பாவும் இன்றும் அதன் கையில். முன்பு ஒரு சாரார் அதைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள், இப்போது இன்னொரு சாரார் பயன்படுத்துகிறார்கள் என்ற விமர்சனம் துருக்கி முஸ்லிம்களிடமே இருக்கிறது. மார்க்கம் அரசின் கையில் இருக்கும்வரை ஆட்சியாளர் யார் என்பதைப் பொறுத்தே அதன் நிலையும் இருக்கும்.

ஈரான்: ஒரே நாட்டில் இரு கட்டாயங்கள்

இதை எழுதாமல் விட்டால் நாங்கள் பாதி உண்மையை மட்டும் சொன்னவர்கள் ஆவோம். 1936 ஜனவரியில் ஈரானின் ரிஸா ஷா பெண்கள் முக்காடு அணியத் தடை விதித்தார். காவலர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியை இழுத்தார்கள். அதற்கு அஞ்சிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு நிலைமை நேர் எதிராகத் திரும்பியது. 1983இல் முக்காடு எல்லாப் பெண்களுக்கும் சட்டப்படி கட்டாயமானது. 2022 செப்டம்பரில் உடை முறையாக இல்லை என்று ஒழுக்கக் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்ட மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் காவலில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் இறந்தார். நாடெங்கும் போராட்டம் வெடித்தது. பெண்கள் முக்காட்டை நடுத்தெருவில் கழற்றி எறிந்தார்கள்.

மார்க்கத்தை வற்புறுத்தி உள்ளத்தில் நுழைக்க முடியாது என்பது மதரஸாவில் நாம் முதலிலேயே கற்ற பாடம். ஈரானின் இந்த நூறாண்டு வரலாறு அதற்குச் சான்று. கழற்றச் சொன்ன காவலரும் அணியச் சொன்ன காவலரும் அந்தப் பெண்ணின் நிய்யத்தைக் கேட்கவே இல்லை. நிய்யத் இல்லாத அமலுக்கு என்ன மதிப்பு என்பதை நம் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மதம் மறையும் என்றவர்கள்

நவீனம் வளர வளர மதம் தேய்ந்து போகும் என்பது 1960களில் சமூகவியல் அறிஞர்களிடையே பரவலாக இருந்த கருத்து. அதில் முக்கியமானவர் பீட்டர் பெர்கர். 1999இல் அவரே ஒரு நூலைத் தொகுத்து, தம் பழைய கருத்து தவறு, மேற்கு ஐரோப்பா போன்ற சில இடங்களைத் தவிர உலகம் முன்போலவே மதப்பற்றுடன்தான் இருக்கிறது என்று எழுதினார். தாம் சொன்னது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அந்த அறிஞரின் நேர்மை நமக்கும் ஒரு முன்மாதிரி.

மார்க்க மறுமலர்ச்சி நம் சமுதாயத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. 1980இல் போலந்தின் குதான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வாயிற்கதவில் போப்பின் படத்தை மாட்டி உள்ளே திருப்பலி நடத்தினார்கள். அமெரிக்காவில் 1970களின் இறுதியில் கிறிஸ்தவ சபைகள் அரசியலில் பெரும் சக்தியாயின. நம் ஊரிலேயே கார்த்திகை பிறந்தால் மாலை போடும் ஐயப்ப பக்தர்கள் இன்று எத்தனை பேர் என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

இந்த மறுமலர்ச்சியில் ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. முக்காடு பிரச்சினையாக்கப்பட்டது கிராமத்துப் பாட்டிக்கு அல்ல, படிக்க வந்த பேத்திக்கு. துருக்கியில் அலுவலகம் கூட்டிப் பெருக்கும் பெண் தலைத்துணி கட்டியிருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அதே துணியோடு மருத்துவராகவும் எம்.பி.யாகவும் ஒரு பெண் வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அக்காலத்துப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் வெளியே வந்தார்கள். எந்தக் கல்லூரியும் அவர்களைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கல்லூரிக்குப் போகவே இல்லை. ஆகவே இன்றைய சிக்கல் நம் பெண்கள் பின்தங்கியதால் வந்ததல்ல. அவர்கள் முன்னேறி வந்ததால் வந்தது. இதை உணராமல், சிக்கல் வந்ததும் பெண்ணை வீட்டில் இருத்துவது என்ன தீர்வு?

நம் நாட்டின் ஏற்பாடு

இந்திய அரசியல் சட்டம் பிரான்சின் வழியையும் துருக்கியின் வழியையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பிரிவு 25 ஒவ்வொருவருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தையும், தம் மதத்தை ஏற்க, கடைப்பிடிக்க, பரப்ப உள்ள உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை. சீக்கியர் கிர்பான் தரிப்பதும் அந்த உரிமையில் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிவு 26 மத அமைப்புகள் தம் காரியங்களைத் தாமே நிர்வகிக்க உரிமை தருகிறது. பிரிவு 30 சிறுபான்மையினர் கல்வி நிலையங்கள் தொடங்கி நடத்தும் உரிமை.

மதச்சார்பின்மை என்ற சொல் முகப்புரையில் சேர்ந்தது 1976இல், 42ஆவது திருத்தத்தின் மூலம். ஆனால் அந்தப் பண்பு சட்டத்தில் முதலிலிருந்தே உண்டு. அதை அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உறுதி செய்தது. அரசியல் நிர்ணய சபையில் நம் தமிழகத்தின் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் உறுப்பினராக இருந்தார். தனிநபர் சட்டத்தைக் காக்க 1948 நவம்பரில் அவர் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. தோற்றதற்காக அவர் சபையைவிட்டு வெளியேறி வரவில்லை. தொடர்ந்து இருந்து பேசினார். அந்தப் பொறுமையும் நமக்குப் பாடம்.

மூன்று வழக்குகளை நம் குடும்பங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாவது, சென்னை மாகாண அறநிலைய ஆணையருக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கு, 1954. மதம் என்பது நம்பிக்கை மட்டுமல்ல, சடங்குகளும் நடைமுறைகளும் அதில் அடங்கும், உணவும் உடையும்கூட அடங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கொள்கையைக் கொண்டே அறிய வேண்டும் என்றும் சொன்னது. ஒரு இந்து மடத்தின் வழக்கில் கிடைத்த அந்தத் தீர்ப்பு நமக்கும் அரணாக இருக்கிறது.

இரண்டாவது, பிஜோய் இம்மானுவேல் வழக்கு, 1986. கேரளத்தில் ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். உள்ளபடியே நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

மூன்றாவது, கர்நாடக ஹிஜாப் வழக்கு. 2022 பிப்ரவரி 5 அன்று அம்மாநில அரசு சீருடை குறித்து ஆணை பிறப்பித்தது. முக்காடு இஸ்லாத்தில் இன்றியமையாத நடைமுறை அல்ல என்று சொல்லி உயர் நீதிமன்றம் மார்ச் 15 அன்று அந்த ஆணையை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்சு துலியா, இது ஒரு பெண்ணின் சொந்தத் தேர்வு என்றும், அவள் படிப்புத் தடைப்படுமா என்பதே தம் மனதில் முதலில் நின்ற கேள்வி என்றும் எழுதி, அரசாணையை ரத்து செய்தார். கருத்து வேறுபட்டதால் வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஆணை கர்நாடக அரசு பிறப்பித்தது. அது தமிழ்நாட்டுக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது. தொலைக்காட்சியில் பார்த்த செய்தியை நம் ஊர்க் கல்லூரிச் சட்டமாக எண்ணிப் பல பெற்றோர் அஞ்சுவதை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். ஆதலால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, சேர்க்கைக்கு முன்பே கல்லூரிக்கு நேரில் சென்று சீருடை விதி என்ன என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் சீருடை நிறத்தில் முக்காடு அணியலாமா என்பதே கேள்வியாக இருக்கும். பணிவாகக் கேட்டால் பதில் கிடைக்கும். அனுமதியை எழுத்தில் கேட்டு, விண்ணப்பத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தனியார் நிலையங்களின் விதி வேறுபடலாம் என்பதால், கட்டணம் கட்டிய பிறகு சண்டையிடுவதைவிட முன்னே கேட்பது நல்லது. நீட் தேர்வுக்கு மார்க்க உடையில் செல்லும் மாணவிகள் சோதனைக்கு வசதியாகக் குறித்த நேரத்துக்கு முன்பே செல்ல வேண்டும் என்று தேர்வு அறிவிப்பிலேயே இருக்கும். கடைசி நிமிடத்தில் ஓடிப் போய் வாசலில் அழாதீர்கள்.

நம் முன்னோர் பிரிவு 30 தந்த வாய்ப்பைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி அரசியல் சட்டத்துக்கும் முன்பே 1919இல் எழுந்தது. 1951இல் சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் வந்தன. 1955இல் நீதிபதி பஷீர் அஹமது சயீத் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார். அங்கெல்லாம் எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். புதிய கல்லூரி கட்ட நம்மால் முடியாமல் இருக்கலாம். ஒரு மாணவியர் விடுதி நடத்த ஒரு ஜமாஅத்தால் முடியும்.

முக்காடு அணியாத பிள்ளைகளை ஏசாதீர்கள். தெருவில் நின்று பிறர் வீட்டுப் பெண்ணின் உடையைப் பற்றிப் பேசும் வாலிபர்களுக்கும், வாட்ஸ்அப்பில் படம் போட்டுக் கண்டிப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறோம். உங்கள் செயலைக் காட்டித்தான் தடை விரும்புபவர்கள் தங்கள் வாதத்தை நிரூபிக்கிறார்கள். வீட்டில் அன்போடு சொல்லுங்கள், நீங்கள் முன்மாதிரியாக இருங்கள். பிறகு அவள் முடிவை அவளிடம் விடுங்கள்.

நமக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையைப் பிறருக்கும் கேளுங்கள். மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் வரும் மாணவனை, அங்கி அணிந்து பாடம் நடத்தும் கன்னியாஸ்திரியை, தலைப்பாகை கட்டிய சீக்கியரை நாம் மதிக்க வேண்டும். அப்போதுதான் நம் பிள்ளையின் முக்காட்டுக்காகப் பேச நமக்கு வாய் இருக்கும். சீருடை நிகழ்வுகளில் நமக்காகப் பேசிய இந்து ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் உண்டு. அந்த நன்றியை மறக்கலாகாது.

ஒலிபெருக்கி விஷயத்தில் நாமே நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. நம் பயான்கள் பல நேரம் அதைத் தாண்டுகின்றன. பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கலாம், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். வெளிக் குழாயை நிறுத்தி உள் ஒலிபெருக்கிக்கு மாறிய பள்ளிவாசல்களைக் குறை சொல்லாதீர்கள். கருவி வருவதற்கு முன்பும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பாங்கு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

முடிவாக

இளைய உறுப்பினருக்கும் மூத்தவருக்கும் நாங்கள் சொன்ன பதில் இதுதான். அரசு எல்லா மதத்துக்கும் சமமாக நின்று மக்களை அவர்கள் மார்க்கப்படி வாழவிடுவது ஒரு வகை. அரசு மக்களின் தலைத்துணியை அளந்து பார்ப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். முதல் வகையை நம் அரசியல் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது; அது இரண்டாவதாக மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கும் உண்டு. அந்தப் பொறுப்பைச் சட்டம் தெரிந்த, படித்த பிள்ளைகளால்தான் நிறைவேற்ற முடியும்.

அந்தத் தந்தையை எங்கள் மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவருடன் மூன்று கல்லூரிகளுக்கு அனுப்பினோம். ஒன்றில் முடியாது என்றார்கள். ஒன்றில் தெளிவான பதில் இல்லை. மூன்றாவதில் சீருடை நிறத்தில் அணியலாம் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்; போனாள். இப்போது இறுதியாண்டு, அல்ஹம்துலில்லாஹ். எதிர்ப்புச் சொன்ன நன்னிதான் காலையில் சோறு கட்டித் தருகிறாராம்.

அதே வாரத்தில் உதவித்தொகை ஒதுக்கிய இன்னொரு பெண்ணின் காசோலை அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. யாரும் வாங்க வரவில்லை. விசாரித்தபோது, கர்நாடகச் செய்தியைப் பார்த்துப் பயந்து வீட்டில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கல்லூரியிலும் அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை; நம் அச்சமே தடுத்தது. வரும் கல்வியாண்டில் அப்படி ஒரு காசோலைகூட எங்களிடம் தங்கக்கூடாது. சந்தேகம் உள்ள பெற்றோர் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். உங்களோடு கல்லூரிக்கு வர எங்களில் ஒருவர் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.